பார் பார்த்த பின்னரே சலாபம்

மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் விடத்தல்தீவைக் கடந்து வடக்கே சென்றால் இலுப்பைக்கடவை என்னும் ஊர் வரும். இலுப்பை மரமும் கடவையும் சேர்ந்து அமைந்த பெயர். சாலைக்குக் கிழக்கே குளங்களும் நெல்வயல்களும் உள்ளன. மேற்கே பாக்கு விரிகுடா விரிந்து கிடக்கின்றது. அக்கடல் ஆழமற்றது. நீர் வற்றும் வேளையில் சேற்று நிலம் நெடுந்தூரம் வெளிப்படும். கண்டல் மரங்களின் வேர்களுக்கிடையே இறாற் குஞ்சும் நண்டும் ஒதுங்கும். அதற்கு அப்பால், கடலின் தரையிலே புல் படர்ந்திருக்கும். கொழும்பிலே ஒரு மேசையின்மீது விரித்த வரைபடத்தில் மட்டும் இவ்விடத்தைக் கண்ட ஒருவருக்கு இது வெறுந் தரவையாகவே தோன்றும். இறாற்பண்ணை அமைக்கலாம், உப்பளம் வெட்டலாம், காற்றாலைத் தூண் நாட்டலாம் என்று அவர் எண்ணினால் அதில் வியப்பில்லை.

அவ்வாறு எண்ணுபவர் மண்வெட்டியை எடுக்குமுன், அவ்விடத்தில் யாது வாழ்கின்றது, அழியும் நிலையிலுள்ள உயிர் எதுவும் அங்கே உண்டோ என்று பார்த்து எழுதிக் கொடுக்கவேண்டும் என்பது இந்நாளைய விதி. சுற்றாடல் தாக்க மதிப்பீடு என்று அதற்குப் பெயர். இவ்வழக்கம் அண்மைக்காலத்தில் மேல்நாட்டிலிருந்து வந்திறங்கியது என்று கூறுவோர் உளர். சட்டத்தின் வடிவம் அவ்வாறு வந்தது உண்மையே. ஆயின், தொழில் தொடங்குமுன் இயற்கையைப் பார்த்து, அது ‘இல்லை’ என்றால் தொழிலைக் கைவிடும் முறை மன்னார்க் கரைக்குப் புதியதன்று. இலுப்பைக்கடவைக்குத் தெற்கே, மன்னார்த் தீவையும் கடந்து, அரிப்பு, சிலாபத்துறை ஆகிய கடற்கரைகளில் அம்முறை பல தலைமுறைகளாக நடந்து வந்தது.

முத்துக்குளிப்புக்குத் தமிழிலே சலாபம் என்றும் பெயர் உண்டு. சிலாபத்துறையின் பெயரிலே அச்சொல் இன்றும் நிலைத்திருக்கின்றது. மன்னார் வளைகுடாவின் அடியில், கரையிலிருந்து பல மைல் தொலைவில், ஐந்து பாகம் முதல் பத்துப் பாகம் வரை ஆழத்தில், கற்பாறைத் திட்டுகள் கிடக்கின்றன. அவற்றைப் ‘பார்’ என்பர். பெரிய பார், செவல் பார், மோதரகம் பார் என ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. முத்துச் சிப்பி அங்கேதான் ஒட்டி வளரும். சலாபம் கூடும் ஆண்டில், மாசி பங்குனியிலே, ஆளற்ற மணற்கரையில் திடீரென்று ஒரு நகரம் எழும். கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் சம்மாட்டிமார் தோணிகளோடு வருவர். பரவரும் முஸ்லிம்களும் அரபு நாட்டவரும் குளிகாரராக இறங்குவர். சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லும் மந்திரக்காரரும் கூலி பெற்று நிற்பர். ஒரு சில வாரங்களில் எல்லாம் முடிந்துவிடும். அழுகிய சிப்பியின் நாற்றமும் ஓட்டுக் குவியலுமே பின்னர் மிஞ்சும்.

இந்தப் பெருங் கூட்டம் வந்து கூடுவதற்கு முன்னர் நடந்த ஒரு சிறு காரியமே இங்கே கருதத் தக்கது. வாடையும் சோளகமும் ஓய்ந்திருக்கும் அமைதிக் காலத்தில், பெரும்பாலும் கார்த்திகையை ஒட்டி, பார்களைப் பரிசோதிக்கும் உத்தியோகத்தர் சில தோணிகளோடும் குளிகாரரோடும் கடலுக்குச் செல்வார். ஒரு குளிகாரன் ஒருமுறை மூழ்கி எழும்போது எத்தனை சிப்பி கொண்டுவருகிறான் என்று எண்ணுவார்கள். இவ்வாறு பல இடங்களில் மூழ்கிப் பார்த்து, பாரில் எவ்வளவு சிப்பி இருக்கக்கூடும் என்று கணிப்பார்கள். சிப்பியின் வயதையும் பார்ப்பார்கள். நான்கு வயதுக்குக் குறைந்த சிப்பியில் முத்துச் சிறிது. ஆறேழு வயதைத் தாண்டிவிட்டால் சிப்பி தானே மடிந்துபோகும். ஆகவே ஓராண்டு முந்தினாலும் நட்டம், ஓராண்டு பிந்தினாலும் நட்டம். இறுதியிலே சில ஆயிரம் சிப்பிகளைக் கரைக்குக் கொணர்ந்து, அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்துகளை வெவ்வேறு கண்ணளவுள்ள சல்லடைகளால் தரம் பிரித்து விலை மதிப்பார்கள். மதிப்பு நன்றாக வந்தால் சலாபம் கூடும் என்று அரசாங்கம் பல மொழிகளில் விளம்பரம் செய்யும். நன்றாக வராவிட்டால் விளம்பரம் இல்லை, தோணி இல்லை, கடல் இன்னும் ஓராண்டோ பத்தாண்டோ தன் பாட்டில் விடப்படும்.

பார் பார்த்தல் என்பது சடங்கன்று. அதற்கு ‘இல்லை’ என்று சொல்லும் வலிமை இருந்தது. அரசாங்கத்தின் வருமானமே அதனை நம்பியிருந்தமையால், பார்த்தவர் பொய் சொல்லுவதில் யாருக்கும் இலாபம் இருக்கவில்லை. ஒல்லாந்தர் ஆட்சியில் 1768 தொடக்கம் 1796 வரை சலாபமே கூடவில்லை. ஆங்கிலேயர் வந்தவுடன் 1796, 1797, 1798 என மூன்றாண்டுகள் தொடர்ந்து குளித்துப் பெரும்பணம் ஈட்டினர். பின்னர் பார்கள் மெலிந்தன. மறுபடியும் 1837க்குப் பின் 1855 வரை சிப்பி இல்லை. 1891இல் ஒரு பெருஞ் சலாபம் நடந்தது. அதன்பின் 1903 வரை மௌனம். இந்த இடைவெளிகள் ஏன் நேர்ந்தன என்பதை ஒருவராலும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. திருக்கை தின்றது என்றனர் சிலர். நீரோட்டம் வாரிச் சென்றது என்றனர் சிலர். களவாகக் குளித்துவிட்டனர் என்று பழி கூறினோரும் உண்டு.

காரணத்தைக் கண்டறியும்படி இலங்கை அரசாங்கம் லிவர்பூல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஹேர்ட்மன் என்பவரை அழைத்தது. அவர் 1902 தொடக்கத்தில் வந்து, பார்களைத் தூர்வாரியும் மூழ்குவித்தும் ஆராய்ந்தார். அவருக்குத் துணையாக வந்த ஜேம்ஸ் ஹோர்னெல், அவர் சென்ற பின்னரும் இங்கே தங்கி வேலையைத் தொடர்ந்தார். அந்த ஆராய்ச்சியின் அறிக்கை 1903 தொடக்கம் 1906 வரை ஐந்து பெரும் பாகங்களாக, லண்டனிலுள்ள றோயல் சொசைட்டியால் வெளியிடப்பட்டது. அரசாங்கம் கேட்டது முத்துச் சிப்பி ஒன்றைப் பற்றியே. ஆயினும் அவ்வறிக்கையின் பெரும்பகுதி கடற்பஞ்சு, பவளம், நண்டு, புழு, பாசி என்று அக்கடலில் வாழும் எண்ணற்ற உயிர்களின் விவரமாக அமைந்துள்ளது. ஓர் உயிரின் நிலையை அறிய, அதனைத் தின்னும் உயிரையும், அதனோடு இடத்துக்குப் போட்டியிடும் உயிரையும், அது ஒட்டியிருக்கும் தரையையும் அறியவேண்டியிருந்தது. கணக்கர் ஒருவருக்கு அது வீண் செலவாகத் தோன்றியிருக்கலாம். இன்று அக்கடலின் பழைய நிலையை அறிய விரும்பும் எவரும் முதலிலே திறப்பது அந்த ஐந்து பாகங்களைத்தான்.

பெரிய பாரைப் பற்றி அவர் கண்டறிந்தது சுவையானது. அப்பாரைக் குளிகாரர்கள் தாய்ப் பார் என்று கருதி வந்தனர். அங்கே பிறக்கும் குஞ்சுச் சிப்பிகளே கரைப்பக்கத்துப் பார்களுக்கு நகர்ந்து வருகின்றன என்பது அவர்கள் நம்பிக்கை. கோடிக்கணக்கான குஞ்சுகள் அங்கே அடிக்கடி வந்து படிவது உண்மையே என்று ஹேர்ட்மன் கண்டார். ஆனால் அவை நகர்ந்து செல்வதில்லை. சோளகக் காற்றின் அலைகள் மணலை வாரிக்கொட்ட, அவற்றில் பெரும்பாலானவை அங்கேயே மடிகின்றன. ஆகவே, ஓராண்டில் வந்து பார்த்துக் கோடிக்கணக்கில் சிப்பி உண்டு என்று எழுதுபவர் பொய் எழுதவில்லை. மறு ஆண்டில் வந்து ஒன்றுமில்லை என்று எழுதுபவரும் பொய் எழுதவில்லை. இரண்டையும் ஒருங்கே அறிந்தவர்தான் அப்பாரை அறிந்தவர். அக்குஞ்சுகளை மடியுமுன் எடுத்துக் காற்றொதுக்கமான பார்களில் கொண்டு சென்று விடலாம் என்பது அவர் கூறிய யோசனை.

1903இல் மீண்டும் சலாபம் கூடியது. 1904இலும் கூடியது. 1905இல் நடந்தது இக்கடல் கண்ட சலாபங்களுள் மிகப் பெரியது. எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. மணற்கரை நகரிலே ஆயிரக்கணக்கான மக்கள் நெருங்கினர். குளிகாரர் கொணர்ந்த சிப்பி மூன்று குவியலாகப் பிரிக்கப்பட்டு, இரண்டு அரசாங்கத்துக்கும் ஒன்று குளிகாரருக்கும் சேர்ந்தது. அரசாங்கத்தின் பங்கு இரவிலே ஏலம் விடப்பட்டது. பெட்டகம் நிரம்பியது.

இந்த வேளையிலேதான் ஒரு பெரும் பிழை நேர்ந்தது. பார்கள் நிறைந்திருப்பதைக் கண்ட இலண்டன் முதலாளிகள் கம்பனி ஒன்றைக் கூட்டினர். அரசாங்கம் 1906இல் மன்னார் முத்துப் பார்களை அந்தக் கம்பனிக்கு இருபது ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது; ஆண்டுக்கு மூன்று இலட்சத்துப் பத்தாயிரம் ரூபா குத்தகைப் பணம். 1906இல் ஆறரைக் கோடிக்கு மேல் சிப்பி எடுத்தனர். 1907இல் அது இரண்டு கோடியளவுக்கு இறங்கிற்று. அதன்பின் பார்களில் எடுப்பதற்கு ஒன்றும் இல்லை. பரிசோதனை நிற்கவில்லை, அறிவு மிக்க ஆட்கள் அதனைச் செய்துகொண்டுதான் இருந்தனர். ஆயினும் குத்தகைப் பணம் ஆண்டுதோறும் கட்டவேண்டியிருந்தது. பார் ‘இல்லை’ என்று சொன்னாலும் கடன் ‘கொடு’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. சில ஆண்டுகளில் கம்பனி கலைந்தது. அதற்குப்பின் 1925இல் ஒரு சலாபம் நடந்தது. பழைய பெருமை அதனோடு திரும்பவில்லை.

கம்பனி மட்டுமே பார்களை அழித்தது என்று தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது. முத்துப் பார்கள் மனிதன் கை வைக்காமலே பலமுறை வெறுமையாகியுள்ளன. ஆயின், பார்வை முந்தி ஒப்பந்தம் பிந்தியிருந்த பழைய ஒழுங்கு 1906இல் தலைகீழானது. முதலில் இருபது ஆண்டுக்குக் கையெழுத்து. பிறகுதான் கடலின் நிலை. மன்னாரில் பின்னாளில் எழுந்த வழக்குகளைப் புரிந்துகொள்ள இந்த ஒரு மாற்றத்தை நினைவில் வைத்தல் போதும்.

பார் பார்த்த உத்தியோகத்தர்கள் விலைபோகும் உயிரை எண்ணினார்கள். விலைபோகாதது, அல்லது இறைச்சியாக மட்டுமே விலைபோவது, அவர்கள் கணக்கில் வரவில்லை. அதற்குச் சான்று கடற்பசு. ஆவுளியா என்றும் கடற்பன்றி என்றும் இக்கரைகளில் அதற்குப் பெயர்கள் உண்டு. பாலூட்டும் உயிர், கடற்புல்லை மட்டுமே மேய்வது, பத்தடி நீளம் வரை வளர்வது, சாதுவானது. இலுப்பைக்கடவைக்கு மேற்கேயுள்ள புற்றரை போன்ற இடங்களே அதன் மேய்ச்சல் நிலம். பெண் கடற்பசு பல ஆண்டுகள் வளர்ந்த பின்னரே முதற்கன்று ஈனும். கருவைச் சுமப்பது ஏறக்குறைய பதின்மூன்று மாதம். ஒரு கன்றுக்கும் மறு கன்றுக்கும் இடையே மூன்றாண்டும் ஆகலாம், ஏழாண்டும் ஆகலாம். இத்தகைய உயிர் வலையில் அகப்பட்டுச் சிறிது மிகையாக இறந்தாலும் அதன் இனம் தேறாது. எனினும், நெடுங்காலம் மன்னார்ச் சந்தையில் அதன் இறைச்சி வெளிப்படையாக விற்கப்பட்டது. அதனை விரும்பி வாங்கியோர் அது குறைந்து வருவதைக் கணக்கிடவில்லை. இலங்கையில் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937இல் வந்தது. கடற்பசுவுக்கு அதன் பாதுகாப்புக் கிடைத்தது 1970இல்.

கொல்லக்கூடாது என்பது ஒரு சட்டம். அது வாழும் இடத்தில் வேலை தொடங்குமுன் பார்க்கவேண்டும் என்பது வேறொரு சட்டம். பின்னையது உலகில் உருவான வரலாறு சுருக்கமானது. அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டு முதல் நாளில் தேசிய சுற்றாடற் கொள்கைச் சட்டம் கையொப்பம் பெற்றது. 1973இல் அழிவுறும் இனங்களுக்கான சட்டம் வந்தது. அதே 1973இல் தெனசி மாநிலத்து ஆறு ஒன்றில், நத்தை தின்னும் மூன்றங்குல மீன் ஒன்றை ஓர் ஆராய்ச்சியாளர் கண்டார். அந்த ஆற்றுக்குக் குறுக்கே தெலிக்கோ என்னும் அணையின் வேலை 1967இலேயே தொடங்கிவிட்டது. வழக்கு நாட்டின் தலைமை நீதிமன்றம் வரை சென்றது. 1978இல் நீதிபதிகள் மீனின் பக்கம் தீர்ப்பளித்தனர். மறு ஆண்டிலே சட்டசபை அந்த அணைக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது, அணை மூடப்பட்டது. மீன்களை வேறு ஆறுகளில் கொண்டுபோய் விட்டமையால் இனம் பிழைத்தது. அணையின் பெரும்பகுதி எழுந்த பின்னர் மீனைக் கண்டால், இரண்டில் ஒன்று தோற்றே ஆகவேண்டும்.

இந்தியாவில் கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கில் அதே கேள்வி எழுந்தது. அங்கே மின்சாரத்துக்காக அணை கட்டத் திட்டமிட்டிருந்தனர். சிங்கவால் குரங்கு வாழும் மழைக்காடு நீரில் மூழ்கும் என்று அறிஞரும் ஆசிரியரும் கவிஞரும் எதிர்த்தனர். திட்டம் கைவிடப்பட்டு, 1985இல் அக்காடு தேசியப் பூங்காவாகத் திறந்துவைக்கப்பட்டது. பாக்கு விரிகுடாவின் மறுகரையில் சேதுக் கால்வாய்த் திட்டம் 2005இல் தொடங்கப்பட்டு, இராமர் அணையைப் பற்றிய வழக்கினால் 2007இல் உச்ச நீதிமன்றத்தின் தடைக்கு உள்ளானது. அந்தத் தகராற்றில் பவளமும் கடற்பசுவும் பேசப்பட்டன; ஆயினும் பெரும் ஓசை அணையின் புனிதத்தைப் பற்றியே எழுந்தது.

இலங்கைச் சட்டம் படிப்படியாக வந்தது. 1980இல் தேசிய சுற்றாடல் சட்டமும், 1981இல் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறின. 1988இல் செய்த திருத்தம் பெருந்திட்டங்களுக்கு முன்மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. எந்தெந்தத் திட்டங்கள் என்ற பட்டியல் 1993இல் வர்த்தமானியில் வெளிவந்தது. மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு முப்பது நாள் வைக்கவேண்டும் என்பதும் அவ்விதிகளுள் ஒன்று. கிராமத்தில் வாழும் ஒருவர் அந்த முப்பது நாளுக்குள் பல நூறு பக்கங்களைப் படித்துக் கருத்து எழுதவேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கின்றது. முத்துப் பாரைப் பார்க்கக் குளிகாரனைக் கூட்டிச் சென்ற பழைய உத்தியோகத்தர், இவ்விடயத்தில் சற்றுக் கூடுதலான நடைமுறை அறிவு உடையவராக இருந்தார் என்றே சொல்லவேண்டும்.

சட்டம் வந்த காலத்திலேயே இக்கரையில் போரும் வந்தது. இலுப்பைக்கடவையும் விடத்தல்தீவும் நெடுங்காலம் போர்முனையாக இருந்து, 2008இல் கைமாறின, மக்கள் இடம்பெயர்ந்தனர். 2009இல் போர் ஓய்ந்த பின் மீண்டு வந்தோர், தம் சொந்த நிலத்தில் கால் வைக்குமுன் கண்ணிவெடி அகற்றுவோர் வரும்வரை காத்திருந்தனர். நிலத்தை அங்குலம் அங்குலமாகத் தேடி, ‘இனி இறங்கலாம்’ என்று சொன்ன பிறகே ஏர் இறங்கியது. முதலில் தேடு, பிறகு தொடு என்பதை அம்மக்களுக்கு எவரும் நூலில் படிப்பிக்கவேண்டியதில்லை.

போர் ஓய்ந்த பின் திட்டங்கள் வந்தன. மன்னாரின் காற்று பெயர்பெற்றது. இலங்கை மின்சார சபை, ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு, மன்னார்த் தீவின் தென்கரையில் முப்பது காற்றாலைகளை நாட்டியது, 103.5 மெகாவாற்று ஆற்றலுள்ள அந்நிலையம் தம்பபவனி என்னும் பெயரோடு 2020இல் திறந்துவைக்கப்பட்டது. இங்கே ஓர் இக்கட்டு உண்டு. பறவைகளை வழிநடத்தும் காற்றும் மின்சாரம் தரும் காற்றும் ஒன்றே. மத்திய ஆசியாவிலிருந்தும் அதற்கும் வடக்கிலிருந்தும் இந்தியாவின் வழியாக வரும் பறவைகள், இராமர் அணைத் திட்டுகளைத் தொட்டு, மன்னாரின் வாயிலாக இலங்கைக்குள் நுழைகின்றன. வங்காலைச் சரணாலயம் 2008இல் அறிவிக்கப்பட்டு, 2010இல் ராம்சார் நிலமாக உலகப் பட்டியலில் இடம்பெற்றது. கொழும்புப் பல்கலைக்கழக அறிஞர்கள் அண்மை ஆண்டுகளில் மன்னாரில் பிடித்த பறவைகளின் முதுகில் சிறு கருவிகளைக் கட்டி விட, அவற்றுட் சில வடதுருவத்தை அண்டிய நிலங்கள் வரை சென்றதை வானிலிருந்து வந்த குறிகளால் அறிந்தனர். ஆகவே தம்பபவனித் திட்டத்துக்கு முன்னர் பறவைகளையும் வௌவால்களையும் பற்றிய ஆய்வு நடந்தது. பறவைக் கூட்டம் வரும்போது ராடரால் கண்டு காற்றாடிகளை நிறுத்தும் ஏற்பாடும் வகுக்கப்பட்டது.

அடுத்து வந்த திட்டம் அதனிலும் பெரியது. இந்தியாவின் அதானி கம்பனி மன்னாரிலும் பூநகரியிலும் காற்றாலைகள் அமைக்க 2022இல் உடன்படிக்கை செய்தது. 2023இல் முதலீட்டுக்கு அனுமதி கிடைத்தது. மன்னாரில் நாட்ட எண்ணிய ஐம்பத்திரண்டு காற்றாலைகளுக்கான மதிப்பீட்டு அறிக்கை மக்கள் பார்வைக்கு வந்ததோ 2024 சனவரியில். இயற்கைப் பாதுகாப்புச் சங்கங்கள் உயர் நீதிமன்றத்தை நாடின. பறவைப் பாதையை அறிக்கை போதிய அளவு பார்க்கவில்லை என்பது அவற்றின் முறைப்பாடு. 2025 பெப்ரவரியில், மின்விலையைப் பற்றிய மறுபேச்சுக்கு அரசாங்கம் முற்பட்ட வேளையில், கம்பனி தானே விலகிக்கொண்டது. பறவைகளைப் பற்றிய கேள்வி தீர்ப்புப் பெறவில்லை. விலையைப் பற்றிய கேள்வியே முடிவைத் தந்தது. உடன்படிக்கைக்கும் அறிக்கைக்கும் இடையேயுள்ள ஆண்டு வரிசையைப் பார்ப்பவர்க்கு 1906ஆம் ஆண்டுக் குத்தகை நினைவுக்கு வரும். நாட்டுக்கு மின்சாரம் வேண்டும், நிலக்கரிப் புகை குறையவேண்டும் என்போர் கூற்றிலும் நியாயம் உண்டு. காற்றாலையே கூடாது என்பதன்று வழக்கு. இவ்விடத்திலா, எத்தனை, எந்தப் பாதையைத் தவிர்த்து என்பதே வழக்கு. அவ்வினாக்களுக்கு விடை காணும் நேரம் கையொப்பத்துக்கு முன்னரே உண்டு.

இலுப்பைக்கடவைக்கு மிக அண்மையில் நிகழ்ந்ததும் ஒன்று உண்டு. விடத்தல்தீவை ஒட்டிய கடலும் களப்பும் கண்டற் காடும் சேர்ந்த 29,180 ஹெக்டேர் பரப்பு, 2016இல் இயற்கை ஒதுக்கிடமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. எட்டாண்டு கழிந்து, 2024 மே மாதத்தில், அதில் ஏறத்தாழ 168 ஹெக்டேர் நீர்வாழ் உயிர் வளர்ப்புக்காக விடுவிக்கப்படுகிறது என்று மற்றொரு வர்த்தமானி வந்தது. ஒதுக்கிடத்தின் எல்லையை மாற்றுமுன் அதன் சூழலியல் விளைவை ஆராயவேண்டும் என்பது பாதுகாப்புச் சட்டத்தின் விதி. அது முறைப்படி செய்யப்படவில்லை என்று கூறி வழக்குத் தொடுத்தனர். அவ்வாண்டிலேயே உயர் நீதிமன்றம் அந்த வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை விதித்தது. முழுப் பரப்போடு ஒப்பிட்டால் 168 ஹெக்டேர் சிறு துண்டு. எனினும் கண்டற் காட்டைப் பரப்பால் மட்டும் அளப்பது, முத்தைச் சல்லடை இல்லாமல் விலை மதிப்பதை ஒக்கும். இறாற் குஞ்சு வளரும் ஓடை வாய் அந்தத் துண்டுக்குள் அகப்பட்டால், வெளியே உள்ள காடு பெயருக்கு மட்டும் காடாக நிற்கும். அதன் இழப்பை முதலில் உணர்வது கரையோரத்தில் சிறு வலை வீசும் குடும்பங்களே. இலங்கையின் வடமேற்குக் கரையில், புத்தளம் களப்பை அண்டிக் கண்டலை வெட்டி அமைத்த இறாற்பண்ணைகள் பல, நோய் பரவியதனால் கைவிடப்பட்டு உப்புப் பூத்த குழிகளாகக் கிடந்ததை அம்மக்கள் கேட்டறியாதவரல்லர்.

அவ்வாறாயின், இத்தகைய இடத்தை எவ்வாறு பார்ப்பது? கடற்பசுவைக் கண்ணால் காண்பது அரிது. கலங்கிய நீரில் மூச்சுவிட ஒரு கணம் மூக்கை உயர்த்தி மறைந்துவிடும். ஒரு நாள் படகிலே சென்று காணவில்லை என்று எழுதுவது எளிது. அது சிப்பிக் குஞ்சு மடிந்த ஆண்டில் பெரிய பாரைப் பார்த்தவர் எழுதிய அறிக்கைக்கு நிகர். ஆயின் அது புல் மேய்ந்த தடம், தரையில் ஏர் உழுத சால்போலப் பதிந்திருக்கும்; அதனைப் பழகிய கண் கண்டுகொள்ளும். ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிறுவனத்தின் துணையோடு 2015 முதல் சில ஆண்டுகள் நடந்த கடற்பசு, கடற்புற் பாதுகாப்புத் திட்டத்தில், மன்னார் வளைகுடாவையும் பாக்கு விரிகுடாவையும் அண்டிய மீனவரிடமே சென்று, எப்போது கண்டீர், எங்கே கண்டீர், வலையில் அகப்பட்டதுண்டா என்று கேட்டெழுதினர். தமிழ்நாடு அரசு 2022 செப்டெம்பரில் மறுகரையில் 448 சதுரக் கிலோமீற்றர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. அங்கும் வலையில் சிக்கிய கடற்பசுவை வெட்டி விடுவித்த மீனவருக்குப் பரிசளித்து, அவர் சொல்லைச் சான்றாகக் கொள்ளும் பழக்கம் வளர்ந்துள்ளது.

பறவைகளுக்கு வேறு நாட்காட்டி. ஐப்பசி பிறந்து வாடை வீசத் தொடங்கும்போது, இலுப்பைக்கடவையின் சேற்றுநிலத்துக்கு ஊசிவால் வாத்தும் உள்ளானும் மூக்கனும் கூட்டங் கூட்டமாக வந்து சேரும். சில ஆண்டுகளில் பூநாரையும் நிற்கும். பங்குனி சித்திரையில் அவை வடக்கே புறப்பட்டுவிடும். வைகாசியில் சோளகம் புழுதியைக் கிளப்பும்போது வந்து நிற்பவர் எதிரே வெயிலும் உப்பும் வெடித்த நிலமும் மட்டுமே இருக்கும். திட்டக்காரர் பெரும்பாலும் வருவது சாலை உலர்ந்திருக்கும் அந்தக் காலத்திலேதான். சோளகத்தில் ஒருமுறை, வாடையில் ஒருமுறை, நீர் வற்றும்போது ஒருமுறை, பெருகும்போது ஒருமுறை, இரவிலே ஒருமுறை என்று பார்த்தால் ஓராண்டு கழியும். முத்துப் பாரைப் பார்த்தவர்கள் கார்த்திகையில் ஒருமுறை பார்த்து, ஐயம் இருந்தால் மாசியில் மறுபடியும் சென்று பார்த்தனர். அதுவரை கீழக்கரைத் தோணிகள் கரையிலேயே கட்டுண்டு கிடந்தன.